எங்கும் போகாத இரண்டு கிளைகள்

மார்ச் 4

டேய்,

எங்கள் தலைமை வடிவமைப்பாளர் ஒரு உத்தரவு போட்டிருக்கிறார். சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையோடு இனி யாரும் போனில் பேசக் கூடாதாம், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டுமாம். எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் இரண்டு டிக் அடித்துத் தருவதால் ஆபீசில் அவருக்கு டபுள்டிக் என்று பெயர். அவர் போட்டதிலேயே உருப்படியான உத்தரவு இதுதான். உன் நம்பரை நான் அழித்து இரண்டு வருடம் ஆகிறது. ஆகவே எழுத்திலேயே வாங்கிக்கொள்.

திருப்பி அனுப்பும் போர்டுகளின் பெட்டிக்குள் இதை வைக்கிறேன். பெட்டியை நீதான் திறப்பாய். போன தடவை பெட்டியோடு வந்த சீட்டில் உன் கையெழுத்து இருந்தது. அந்தக் கோழிக் கிறுக்கலை வேறு யாராலும் போட முடியாது.

சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கும் போர்டை எடு. ஆன்டெனாவுக்குப் போகும் ஒன்றரை மில்லிமீட்டர் அகலச் செம்புத் தடத்தைப் பார். அதன் பக்கவாட்டில் இரண்டு கிளைகள் வரைந்திருந்தேன். ஒன்று ஒன்பது மில்லிமீட்டர், இன்னொன்று பதினான்கு. இப்போது இரண்டும் இல்லை. சுத்தமாக மழித்துவிட்டிருக்கிறீர்கள்.

இது என்ன கருவி என்றாவது உங்களிடம் யாராவது சொன்னார்களா? லைஃப் ஜாக்கெட்டின் தோளில் தைப்பது. மீன்பிடிப் படகிலிருந்து ஆள் தண்ணீரில் விழுந்தால் தானாக விழித்துக்கொண்டு ரேடியோவில் கூப்பிடும். நான் லேபில் கையால் செய்த மாதிரிக் கருவி ஐந்து கிலோமீட்டர் வரை கூப்பிட்டது. நீங்கள் செய்து அனுப்பியதைப் போன வாரம் மிதவையில் கட்டிக் கடலில் விட்டோம். தொள்ளாயிரம் மீட்டரில் ஊமையாகிவிட்டது. அந்தக் கிளைகள் இல்லையென்றால் சக்தியில் பெரும்பகுதி ஆன்டெனாவுக்குப் போகாமல் வந்த வழியே திரும்பிவிடும். அலைக்கு மேலே மனிதத் தலை ஒரு பந்து அளவுதான் தெரியும். அதை யார் போய்த் தேடுவது?

இன்னும் முந்நூற்றுத் தொண்ணூறு போர்டு உங்கள் கிடங்கில் இருக்கிறது. அத்தனையும் இப்படித்தானா?

என் மேல் கோபம் என்றால் என்னைத் திட்டு. கடலில் விழப்போகிறவன் உனக்கு என்ன செய்தான்?

உன் அக்கா


மார்ச் 9

மூத்தவளுக்கு,

பதினோரு நிமிடம் முன்னால் பிறந்த திமிர் முப்பது வருடமாகியும் இறங்கவில்லை. நல்லது. உடம்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

உன் போர்டைப் பார்த்தேன். அத்தனையும் அப்படித்தான்.

ஒரு கோப்பு உன் மேஜையை விட்டுப் போன பிறகு என்ன ஆகும் என்று நீ எப்போதாவது யோசித்ததுண்டா? என் வேலை இதுதான். வரும் கோப்பைத் திறப்பேன். உங்களைப் போன்றவர்கள் வரைந்ததை மெஷின் செய்யக்கூடிய மாதிரி தயார் செய்வேன். நீ ஒன்றரை என்று எழுதிய தடம் ஒன்றரையாகவே வருவது தானாக நடக்கிறது என்று நினைத்தாயா? வேண்டாத செம்பைக் கரைக்கும் ஆசிட் கீழே மட்டும் கடிக்காது, பக்கவாட்டிலும் கடிக்கும். எவ்வளவு கடிக்கும் என்று கணக்குப் போட்டு உன் தடத்தை முன்கூட்டியே கொஞ்சம் தடிப்பாக்கி அனுப்புகிறேன். தொட்டியிலிருந்து வெளியே வரும்போது ஒன்றரை இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் "நம்ம டிசைன் பர்ஃபெக்ட்" என்று சொல்லிக்கொள்வீர்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். உன் கோப்பை ஏற்றியதும் எங்கள் சாஃப்ட்வேர் கத்தியது. "எங்கும் போகாத தடம் இரண்டு. நீக்கவா? ஆம், வேண்டாம்." ஒரு முனை தொங்கிக்கொண்டிருக்கும் செம்பு என்றால் அது பிழை என்பதுதான் அதற்குத் தெரிந்த சட்டம். நாங்களாக நீக்கக் கூடாது. கேள்விச் சீட்டு அனுப்பி வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். அனுப்பினேன். சீட்டு எண் 117, பிப்ரவரி 11, காலை பத்து பதினைந்து. படம் போட்டு, இரண்டு கிளைகளையும் வட்டமிட்டு, "இவை வேண்டுமா, நீக்கலாமா?" என்று கேட்டிருந்தேன். பத்து பதினேழுக்குப் பதில் வந்தது. "நீக்கலாம்." கீழே இரண்டு டிக்.

இரண்டு நிமிடம், அக்கா. டீ ஆறவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

கடலில் விழப்போகிறவன் எனக்கு என்ன செய்தான் என்று கேட்டாய். அதை உன் டபுள்டிக்கிடம் போய்க் கேள்.

பட்டன் அமுக்குகிறவன்


மார்ச் 13

டேய்,

கேட்டேன். ஆபீஸ் நடுவில், எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"117ஆ? அப்படி எதுவும் எனக்கு வரலையேம்மா."

"சார், பத்து பதினேழுக்கு நீங்க பதில் போட்டிருக்கீங்க."

"யார் சொன்னா? அந்த ஃபேக்டரியில இருக்கிற உன் தம்பியா? குடும்பப் பிரச்சினையை எல்லாம் ஆபீசுக்குள்ள கொண்டு வராதம்மா."

அவர் கணினியில் அந்தச் சீட்டு இல்லை. அழித்தாயிற்று. நம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அதை வைத்தே ஒரு கதை கட்டுகிறார்: நான் கிளைகளை வரையவே மறந்துவிட்டேன், இப்போது பழியைத் தொழிற்சாலை மேல் போடுகிறேன். ஆறு மாதம் உட்கார்ந்து செய்த வேலை இது. பின்பக்கம் முழுவதும் கிரவுண்ட் பிளேன், ஒரு கீறல் இல்லாத செம்புத் தகடு. பேட்டரி ஒயர் ஒன்றை அதைக் கிழித்துக் கொண்டுபோகச் சொன்னார். மேலே ஓடும் ஒவ்வொரு தடத்துக்கும் நேர் கீழே செம்பு இருந்தால்தான் அந்தத் தடத்துக்கு மரியாதை, கிழித்தால் எல்லாம் போச்சு என்று மூன்று நாள் சண்டை போட்டுக் காப்பாற்றினேன். அப்படிப்பட்டவள் கிளையை மறந்தாளாம்.

இப்போது என் மேஜையில் ஒரு படிவம் கிடக்கிறது. "சிறு மாறுதல், ஏற்கத்தக்கது." வரைந்தவள் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் முந்நூற்றுத் தொண்ணூறு போர்டும் உங்கள் கிடங்கிலிருந்து நேராக, இதை வாங்கும் மீனவர் படகுச் சங்கத்தின் பட்டறைக்குப் போகும். அங்கே ஜாக்கெட்டில் தைத்துவிடுவார்கள்.

"தொள்ளாயிரம் மீட்டர் ஒண்ணும் கம்மி இல்லம்மா. விழுந்தவன் கத்தினா கேக்காதா?" என்கிறார் டபுள்டிக். கடலில் கத்திப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன்.

ஒரு கேள்வி உனக்கு. நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். திறந்த முனைக் கிளை என்றால் என்ன என்று பரீட்சையில் எட்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டார்கள். நீ எட்டும் வாங்கினாய், நான் ஆறுதான். அது பிழை இல்லை என்று உனக்குத் தெரியாதா?


மார்ச் 18

தெரியும்.

கோப்பைத் திறந்த உடனேயே தெரியும். அது உன் கைவேலை என்பதும் தெரியும். கிரவுண்ட் ஓரமாக வரிசையாகத் துளை போடுவாயே, அம்மா துணி ஓரம் அடிக்கிற மாதிரி, ஒன்றுகூட விலகாமல். அதை வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. தலைப்பில் உன் பெயர் இல்லை, டபுள்டிக்கின் பெயர் இருந்தது. ஆனாலும் தெரிந்தது.

பதில் வந்ததும் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. "ஐயா, இது கிளை, நீக்கினால் கருவி கெட்டுப்போகும்" என்று இன்னொரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இரண்டு வருடம் முன்னால் உன் ஆபீஸ் நண்பர்களை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாய். அந்த மீசைக்காரன் என்னைப் பார்த்து, "நீங்களும் டிசைன்தானா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "இல்ல இல்ல, இவன் ஃபேக்டரில. நாங்க யோசிச்சு அனுப்புறதை இவங்க பட்டன் அமுக்கி எடுப்பாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான். நான் சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் டீ போட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு டீத் தட்டைத் தானே வாங்கிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 11 அன்று அந்த இரண்டு டிக்கைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு என் காதில் கேட்டது. யோசிப்பது அவர்கள் வேலைதானே என்று நினைத்தேன். அமுக்கினேன். மனதுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அது கடலுக்குப் போகிறது என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

சீட்டு 117 எங்கள் கணினியில் பத்திரமாக இருக்கிறது. நீ கேட்கப்போகிறாய் என்பதும் தெரியும். இந்தப் பெட்டியிலேயே ஒரு நகலைத் திணித்து அனுப்பலாம். ஆனால் அது திருட்டுத் தாள். "தம்பி திருடிக் கொடுத்தான், அக்கா நீட்டுகிறாள்" என்று டபுள்டிக் ஒரே வரியில் முடித்துவிடுவார். எங்கள் ஆட்களுக்கும் இந்த போர்டுகள் கிடங்கைவிட்டுப் போனால் போதும். மறுபடி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். எனக்கு ஒப்பந்தம் ஏப்ரல் பாதியில் முடிகிறது. நான்கு வருடமாக "அடுத்த தடவை நிரந்தரம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

என்னால் முடியாது, அக்கா. இதைக் கோழைத்தனம் என்று நீ சொல்லலாம். சொல்லிவிட்டுப் போ.


மார்ச் 21

தம்பி,

அன்றைக்கு நான் சொன்னது அசிங்கம். அந்த மீசைக்காரன் முன்னால் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று உன்னை மிதித்து ஏறினேன். டபுள்டிக் என் வேலையின் தலைப்பில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறாரே, அதற்கும் நான் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மன்னிப்பு கேட்கிறேன். உடனே மன்னித்துத் தொலைக்க வேண்டாம், மெதுவாக யோசி.

ஆசிட் பக்கவாட்டில் கடிப்பது எனக்குத் தெரியாது. எட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

சீட்டைக் கேட்க மாட்டேன். நீ சொன்னது சரி, திருட்டுத் தாள் எதையும் நிறுத்தாது. உன் வேலையைப் பணயம் வைக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

என் பங்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவதில்லை. இன்று மேலதிகாரிகள் நான்கு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நீள மேஜை, ஏசிக் குளிர், என் முன்னால் மட்டும் ஒரு பேனா.

"எவ்வளவு நாள் அடம் பிடிப்பே?"

"விழுந்தவனைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் சார்."

என்னை வெளியே போகச் சொன்னார்கள். போனேன். பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நல்ல பேனா, அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் டபுள்டிக் தானே போட்டுக்கொள்வாராம். 27ஆம் தேதி போர்டுகள் சங்கத்துக்குக் கிளம்பிவிடும். அதைத் தடுக்க என்னிடம் வேறு வழி இல்லை. சங்கத்துக்காரரைப் பார்க்கப் போனேன். அவருக்கு இந்தக் கிளையெல்லாம் புரியவில்லை. "பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தாம்மா நாங்க பாக்க முடியும்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் மேல் தப்பு இல்லை.

அக்கா


மார்ச் 27

அக்கா,

"பேப்பர்ல என்ன இருக்கோ" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான்கு தடவை படித்தேன்.

எங்கள் கிடங்கிலிருந்து போர்டு வெளியே போக வேண்டும் என்றால் அதோடு ஒரு உறுதிச் சான்று போக வேண்டும். சட்டப்படி அது இல்லாமல் லாரி நகராது. அதை எழுதுகிறவன் யார்? கோப்பைத் தயார் செய்தவன். நான்தான். நான்கு வருடமாக எழுதுகிறேன். எல்லாச் சான்றிலும் ஒரே வாசகம், அதனால் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

இன்று மதியம் சூப்பர்வைசர் தாளைக் கொண்டு வந்தார்.

"சங்கத்து சரக்கு. சீக்கிரம் எழுதிக் குடு தம்பி, வண்டி நிக்குது."

நான் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே போனேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னடா ராமாயணம் எழுதுறே? 'வரைபடப்படி செய்யப்பட்டது'னு நாலு வார்த்தை, அவ்வளவுதானே?"

"நாலு இல்லண்ணே. ரெண்டு வார்த்தை. ரெண்டும் பொய்."

நான் எழுதியது இதுதான்: "வாடிக்கையாளரின் வரைபடத்தில் ஆன்டெனாத் தடத்தோடு இருந்த இரண்டு கிளைகள் இந்த போர்டுகளில் நீக்கப்பட்டுள்ளன. நீக்கியவன் நான். கேள்விச் சீட்டு எண் 117, பிப்ரவரி 11. ஒப்புதல் அளித்தவர் தலைமை வடிவமைப்பாளர். கிளைகள் இல்லாமல் இந்தக் கருவியின் எட்டும் தூரம் குறையும்." கீழே என் கோழிக் கிறுக்கல்.

"இதைக் கிழிச்சிட்டு வேற எழுது."

"நீங்களே எழுதுங்கண்ணே. உங்க கையெழுத்தைப் போட்டு."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆசிட் தொட்டியருகே வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள், பதினெட்டு வருடமாக அங்கேதான், கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து நடுவில் நின்றாள். "ஏன் சார், பையன் பொய்யா எழுதியிருக்கான்? உண்மைதானே? அப்ப போட்டு அனுப்புங்க. இல்ல நீங்க போடுங்க. உங்க பேரு எப்படி எழுதணும்னு மறந்துபோச்சா?" லைனில் இருந்த எல்லோரும் மெஷினை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யார் கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பொய் அவர்கள் தலையில் விழும். யாரும் போடவில்லை. டிரைவர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

கடைசியில் என் தாளோடுதான் பெட்டிகள் போயின.

திருட்டு இல்லை, காட்டிக்கொடுத்ததும் இல்லை. என் வேலையை முழுசாகச் செய்தேன், அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு கூட்டம் கூடும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு விஷயம். நீ மறுபடி வரைந்தால் கிளைகளைச் சுற்றி ஒரு எல்லைக்கோடு போடு, உள்ளே செம்பு நிரப்ப வேண்டாம் என்று எழுது. முன்பக்கம் காலியாக இருந்தால் எங்கள் மெஷின் தானாகவே புள்ளிப் புள்ளியாகச் செம்பை நிரப்பிவிடும். கிளை பிழைத்தாலும் அந்தப் புள்ளிகள் அதைக் கெடுத்துவிடும். இது உங்கள் புத்தகத்தில் இருக்காது.


ஏப்ரல் 6

தம்பி,

சங்கத்துக்காரர் உன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். கடல் உப்பு ஏறிய செருப்போடு அந்த நீள மேஜையில் உட்கார்ந்தார். "பேப்பர்ல இருக்கிறதைத்தான் பாப்பேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். இப்ப பேப்பர்லயே இருக்கு. யாருய்யா அது, ஒப்புதல் குடுத்தவரு?" டபுள்டிக் தண்ணீர் குடித்தார், மறுபடியும் குடித்தார். மூன்றாவது டம்ளருக்குள் சீட்டு 117 அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அத்தனை போர்டும் திரும்பி வருகிறது. அழிக்கப்போகிறார்கள்.

எனக்கு மெமோ. "மேலதிகாரிகளிடம் மரியாதைக் குறைவு." டபுள்டிக்குக்கு மெமோ இல்லை, இந்த உலகத்தில் அது எதிர்பார்த்ததுதான். புது வரைபடத்தை நான் முடித்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் வேறு யாராலும் முடியாது. அதன் பிறகு "பார்க்கலாம்" என்கிறார்கள். பார்க்கட்டும், நானும் பார்க்கிறேன். மெமோவுக்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். கடலில் அந்த போர்டு எவ்வளவு தூரம் கேட்டது என்ற அளவீட்டுத் தாளை உறையில் போட்டுக் கொடுத்தேன்.

புதுக் கோப்பு உங்கள் கணினிக்கு வந்திருக்கும். நீ சொன்ன எல்லைக்கோடு போட்டிருக்கிறேன். வரைபடத்தின் குறிப்புகளில் முதல் வரியாக இதை எழுதினேன்: "இந்த இரண்டு கிளைகளும் எங்கும் போகாதவை போலத் தெரியும். நீக்கக் கூடாது." தலைப்பில் இந்தத் தடவை என் பெயர் இருக்கிறது. டபுள்டிக் அதை மாற்றச் சொன்னார். "எழுத்துல குடுங்க சார்" என்றேன். கொடுக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "ஒரே வயித்துல இருந்தப்பவும் இப்படித்தான் உதைச்சுக்கிட்டு இருந்தீங்க. வெளியே யாராவது கை வச்சா மட்டும் ரெண்டும் ஒண்ணு" என்றார்.

உன் ஒப்பந்தம் என்ன ஆயிற்று? சொல்லாமல் விட்டுவிட்டாய்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இன்றோடு முடிந்தது. காரணம் கேட்டேன், "தேவை இல்லை" என்றார்கள். எழுத்தில் கேட்டேன். இந்த ஊரில் யாருக்குமே எழுதத் தெரியவில்லை போலிருக்கிறது.

நீ அழுதுகொண்டிருக்க வேண்டாம். நான் அழவில்லை. ஆசிட் அக்கா தன் டிபன் டப்பாவைத் திறந்து பாதியை எனக்குத் தள்ளினாள். "இன்னொரு ஃபேக்டரி எதிர்லேயே இருக்குடா. அவனும் செம்பைத்தான் கரைக்கிறான். உன்னை மாதிரி கணக்குப் போடுற ஆள் அவனுக்கும் வேணும்" என்றாள். நாளை காலையில் போய்க் கேட்கிறேன். போகும்போது அந்தச் சான்றின் நகலையும் எடுத்துப்போகிறேன். பிடித்தால் எடுக்கட்டும். பிடிக்காத இடத்தில் எனக்கு வேலை வேண்டாம்.

கடைசி நாளில் உன் கோப்பை என்னிடமே கொடுத்தார்கள். வேறு யாருக்கும் அதைத் தொட தைரியம் இல்லை. காலையில் ஏற்றினேன். தடத்தைத் தடிப்பாக்கினேன். பின்பக்கத் தகட்டை ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஓரத் துளைகளை எண்ணினேன், ஒன்றுகூட விலகவில்லை. முதல் போர்டு தொட்டியிலிருந்து வந்ததும் ஆசிட் அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அளந்தேன். தடம் ஒன்றரை. கிளை ஒன்பது, பதினான்கு.

அதற்கு முன்னால், கோப்பை ஏற்றிய அந்த நிமிடத்தில், சாஃப்ட்வேர் வழக்கம்போலக் கத்தியது. "எங்கும் போகாத தடம் இரண்டு. நீக்கவா? ஆம், வேண்டாம்." சூப்பர்வைசர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கேள்விச் சீட்டு அனுப்பலையா என்று கேட்டார். தேவையில்லை, வரைந்தவள் எழுதியிருக்கிறாள், நானும் யோசித்துவிட்டேன் என்றேன்.

பிறகு பட்டனை அமுக்கினேன். வேண்டாம்.